வண்டு

பெட்டியில் வைத்தது நூற்றிருபது முட்டை.
முப்பத்தேழரைப் பாகை. ஈரத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர்.
கறண்ட் போன இரண்டு இரவும்
சாக்கும் லாம்பும் நானும் சேர்ந்து அடைகிடந்தோம்.
இருபத்தோராம் நாள்
தொண்ணூற்றெட்டுக் குஞ்சு.

தாய் என்று ஒன்றை அவை கண்டதில்லை.
செட்டைக்குக் கீழே இருக்கும் சூடு தெரியாது,
இரை கண்டால் கூப்பிடும் குரல் தெரியாது.
கண் விழித்துக் கண்ட முதல் முகம்
நாற்பது வாட்ஸ் குமிழ்.

ஐந்தாம் நாள் வெயிலுக்கு விட்டேன், வலைக்குள்ளே.
பாலைமரத்தில் இருந்து கிளம்பிய பிராந்தின் நிழல்
வலைமேல் வழுக்கிப் போனது.
தொண்ணூற்றெட்டும் மண்ணோடு மண்.
கீச்சென்று ஒரு சத்தம் இல்லை.
ஆர் சொன்னது அவைக்கு?

யதுர்சிகா எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தை
வாய்விட்டுப் படிக்கிறாள், வாய்க்கால் கரையில்:
இயல்பூக்கம் எனப்படுவது கற்காமலே வருவது,
பிறப்பிலேயே அமைந்தது,
ஓர் இனத்துக்கே பொதுவானது.
வரைவிலக்கணத்துக்கு மூன்று புள்ளியாம்.
'பொதுவானது' விட்டுப்போனால் இரண்டுதானாம்.

அமிர்தநாதரின் ஆறு ஏக்கருக்கு மருந்தடிக்க
பளையில் இருந்து ட்ரோன் கொண்டு வந்தான் நிதர்சன்.
மெலிந்த பெடியன். காதில் எந்நேரமும் பாட்டு.

முதலில் அது காதில் கேட்கவில்லை,
பல்லில் கேட்டது.
தீன்வாளியோடு நின்றேன்,
பிறகு நிற்கவில்லை.
இடையில் என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.
முழங்கை வாய்க்கால் சேற்றில்.
உள்ளங்கைக்குக் கீழே பிள்ளையின் பிடரி.
அவள் வாயில் புல்.
சிந்திய குருணலுக்கு அப்பால்
தொண்ணூற்றெட்டும் எங்களைப் போலவே.

"ஏனம்மா தள்ளினனீங்கள்?"
வழுக்கிப்போட்டுது என்றேன்.
இரண்டு பேருக்கும் ஒரே பக்கமாய் எப்படி வழுக்கும்
என்று அவள் கேட்கவில்லை.
விஞ்ஞானத்துக்கு எழுபத்தெட்டு எடுக்கிற பிள்ளை.

அப்போது அந்தச் சத்தத்துக்கு
நாங்கள் வைத்திருந்த பேர் வண்டு.
வண்டு பார்த்துவிட்டுப் போகும்.
பின்னால் வருவது பார்ப்பதற்கு வருவதில்லை.
இருபத்திரண்டு வயது எனக்கு.
ஆகப் புத்தகத்தின்படி
என்னுடையது இயல்பூக்கம் இல்லை. கற்றது.
எங்கெங்கே கற்றேன் என்று
விசுவமடுவில் தொடங்கி ஊரூராய் எழுதலாம்,
மூன்று புள்ளிக்குள் அடங்காது.

தண்ணீர் கேட்டு வந்தான் நிதர்சன்.
"முந்தின மெசின் மாதிரி இல்லை அக்கா, சத்தம் குறைவு."
இருபத்திநாலு வயதாம்.
கழித்துப் பார்த்தேன்: அப்போது எட்டு.
எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை.
ஒரு காதில் இருந்துகூட
அவன் பாட்டைக் கழற்றவில்லை.

அடுத்தடுத்த நாள் அடுத்தடுத்த வயல்.
இரண்டாம் நாளும் குஞ்சுகள் பதுங்கின,
கொஞ்ச நேரம்தான்.
மூன்றாம் நாள் நாலைந்து மட்டும் தலையைச் சரித்து
ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்துவிட்டு
குருணலுக்குத் திரும்பின.
நாலாம் நாள் அதுவும் இல்லை.
பிராந்து வந்தால் இன்னும் மண்ணாகின்றன.
இது பிராந்து இல்லை என்று தெரிந்துவிட்டது.
பிறக்கும்போதே கொண்டு வந்ததை
நாலே நாளில் திருத்தி எழுதிவிட்டன.

நான் படித்தது
பதினாறு வருடமாய் எந்த அழிறப்பருக்கும்
மங்கக்கூட இல்லை.

ஐந்தாம் நாள், கடைசி வயல்.
வாளியின் கைபிடியை இறுக்கிக்கொண்டு
முழங்காலுக்குச் சொன்னேன்: நில்.
நின்றது,
கறவைக்கு நிற்காத மாட்டைக் கட்டிவைத்தது போல.

அப்போதுதான் கண்டேன்.
யதுர்சிகா வானத்தைப் பார்க்கவில்லை.
சத்தம் தொடங்கியதும் புத்தகத்தை மூடிவிட்டு
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
ஒரு கை ஏற்கெனவே
தன் பிடரியில்.